தீயில் வெந்த கம்பி எவ்வளவு தாங்கும்?

சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் 91ஆம் இலக்கத் தாங்கி என்று ஒன்று இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றில் ஒன்று வந்து அந்தத் தாங்கியில் மோதியதாகவும், அதில் பற்றிய தீ ஏழு நாட்கள் எரிந்ததாகவும் எமது மாவட்டத்தில் சொல்லப்பட்டு வருகிறது. கட்டைபறிச்சானிலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கும் துறைமுகத்துக்கும் அப்பால் உள்ள இடம் அது. தாங்கியின் எச்சத்தைப் பத்திரிகைப் படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். நிமிர்ந்து நின்ற உருக்குத் தகடு, நெருப்பில் வாட்டிய வாழையிலை போல மடிந்து சுருண்டு கிடக்கும்.

அதே குதத்தில் பிரித்தானியர் கட்டிய 99 தாங்கிகள் இன்னும் இருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பங்கு பிரிக்கப்பட்டவை இவைதான். எத்தனை வருட உப்புக் காற்று, எத்தனை மாரி மழை! துருப்பிடித்தாலும் அவை நிற்கின்றன. எண்பது வருடத்தில் உப்பும் மழையும் செய்யாததை ஒரு மோதலும் ஒரு தீயும் சில நாட்களில் செய்து முடித்துவிட்டன.

இரும்புக்கடை வைத்திருப்போர், பழைய இரும்பு எடுப்போர், கடை கட்டுவோர், லொறியும் வள்ளமும் ஓட்டுவோர் எல்லோருக்கும் இதில் விடயம் இருக்கிறது. உருக்கு என்றால் பலம் என்று நாம் நம்புகிறோம். அப்படிச் சொல்லித்தான் விற்கவும் செய்கிறோம். அந்தப் பலம் சாதாரண வெப்பநிலையில், மெதுவாக இழுத்து அளக்கப்பட்ட பலம். சூடு ஏறும்போதும் பாரம் திடீரென்று விழும்போதும் கணக்கு வேறு. 2004 சுனாமிக்குப் பிறகும், 2006 ஆகஸ்ட்டில் மூதூரில் நடந்த சண்டைக்குப் பிறகும் எமது பகுதியில் இடிந்த கட்டடங்களிலிருந்து எடுத்த கம்பி எத்தனையோ புதுச் சுவர்களுக்குள் போயிருக்கிறது. இப்போதும் ஒரு கடை எரிந்தால் மறு வாரமே கம்பி வெட்டுபவர் வந்துவிடுகிறார். ஆகவே இது படித்துவிட்டு விட்டுவிடும் விஞ்ஞானச் செய்தி அல்ல, எமது கல்லாப்பெட்டியோடும் எமது தலைக்கு மேலுள்ள கூரையோடும் சம்பந்தப்பட்டது.

உருக வேண்டிய அவசியமில்லை

உருக்கு உருகுவது ஏறத்தாழ 1500 பாகை செல்சியஸில். துணியும் பிளாஸ்டிக்கும் எண்ணெயும் அடுக்கிய ஒரு கடை எரிந்தால் உள்ளே 800 முதல் 1000 பாகை வரை, சில வேளை அதற்கும் மேலே போகும். 1500க்கு எட்டாது. ஆகவே இரும்புக் கூரைக்கு ஒன்றும் ஆகாது என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். பிழையான கணக்கு.

கட்டடங்களுக்குப் பாவிக்கும் சாதாரண உருக்கு 400 பாகை வரை தன் பலத்தைப் பெரும்பாலும் வைத்திருக்கும். அதற்கு மேல் இறக்கம் வேகமானது. 600 பாகையில் பாதிக்கும் சற்றுக் குறைவான பலமே மிஞ்சும். 700இல் நாலில் ஒரு பங்கு. 800இல் பத்தில் ஒரு பங்கு. 600 பாகை என்பது இருட்டில் வைத்துப் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கும் சூடு, அவ்வளவுதான். கொல்லன் இதைப் படிக்காமலே அறிந்தவர். அவர் இரும்பை உருக்குவதில்லை. சிவக்க வைத்து, இளகிய பதத்தில் அடித்து வளைக்கிறார். எரியும் கடையில் கூரையின் பாரமே சம்மட்டியாகிவிடுகிறது.

2001 செப்டெம்பர் 11இல் நியூயோர்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு எமது தேநீர்க் கடைகளில் ஒரு கேள்வி நீண்ட நாள் ஓடியது. விமான எரிபொருளின் தீ உருக்கை உருக்காதே, பிறகு எப்படிக் கோபுரம் விழும் என்ற கேள்வி. அரசியலை அரசியல் எழுதுபவர்களுக்கு விட்டுவிடுகிறேன். இரும்பு விற்பவன் என்ற முறையில் சொல்லக்கூடியது, விழுவதற்கு உருக்கு உருக வேண்டிய தேவையே இல்லை என்பது. 2005இல் வெளிவந்த அமெரிக்க அரசாங்க ஆய்வின் முடிவும் இதுதான்: மோதிய வேகத்தில் உருக்கின் மேல் பூசியிருந்த தீக்காப்புப் பூச்சு உதிர்ந்தது, பிறகு வந்த தீயில் தளங்கள் இளகித் தொய்ந்து வெளித் தூண்களை உள்ளே இழுத்தன. முதலில் அடி, பிறகு சூடு. 91ஆம் தாங்கிக்கு நடந்ததும் அதே ஒழுங்கில்தான்.

எமது கடைகளுக்கு வருவோம். முன்பு பனையும் பாலையும் போட்ட கூரை; இப்போது எங்கும் அங்கிள் இரும்பும் பெட்டி பைப்பும். மெல்லிய இரும்பு சீக்கிரம் சூடேறும். பூச்சோ மறைப்போ இல்லாத மெல்லிய அங்கிள், நல்ல தீயில் கால் மணித்தியாலத்துக்குள் பலமிழக்கும் சூட்டுக்கு வந்துவிடும். பருத்த மர வளையோ நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே கரியாகும். அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வையாக நிற்கும். மரம் எரியும், இரும்பு எரியாது என்பது சரி. எது அதிக நேரம் நிற்கும் என்பது வேறு கேள்வி. தீயணைப்பு வண்டி மூதூர்ப் பக்கம் வந்து சேர எடுக்கும் நேரத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இரும்பு சூட்டில் நீளவும் செய்யும். 30 அடி அங்கிள் ஒன்று 500 பாகை சூடேறினால் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளும். இரண்டு பக்கமும் சுவரில் இறுக்கிக் கட்டியிருந்தால் அது போக இடமில்லை, சுவரைத் தள்ளும். எரிந்த கடைகளில் பக்கச் சுவர் வெளியே சரிந்து நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆறிய பிறகு கூரை சுருங்கிவிடும், சுவர் திரும்பி வராது. அந்தச் சுவரின் மேல் புதுக் கூரை போடுபவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஆறிய பிறகு எது திரும்பி வரும்?

எரிந்த இரும்பு ஆறினால் பலம் திரும்பி வருமா? வியாபாரிக்கு இதுதான் முக்கியம், ஏனெனில் நாம் வாங்குவதும் விற்பதும் ஆறிய இரும்பை. விடை, அந்தக் கம்பி தன் பலத்தை எங்கிருந்து பெற்றது என்பதில் இருக்கிறது.

எமது நாட்டில் சோவியத் உதவியோடு 1960களில் ஒருவெலயில் உருக்குக் கூட்டுத்தாபனம் தொடங்கிய காலத்திலிருந்து மூன்று வகைக் கம்பி நம் கைகளால் போயிருக்கிறது. முதலாவது, வரி இல்லாத மொட்டைக் கம்பி. சிவக்கச் சூடாக்கி உருட்டி, தானாக ஆறவிட்டது. இதற்கு விசேட பதம் எதுவும் ஏற்றவில்லை. ஆகவே தீயில் 600 பாகை வரை போய் மெதுவாக ஆறினாலும் பழைய பலம் ஏறத்தாழ முழுதாக வந்துவிடும். இரண்டாவது, ஆறிய கம்பியை முறுக்கிப் பலமேற்றிய டோர் கம்பி. பழைய கட்டடங்களில் கிடைப்பது பெரும்பாலும் இது. முறுக்கினால் இரும்பு இறுகும். அந்த இறுக்கம்தான் அதன் பலம். 450 பாகைக்கு மேல் போனால் இறுக்கம் தளர்ந்துவிடும், ஆறினாலும் திரும்பாது. கண்ணுக்கு முறுக்கு அப்படியே தெரியும், பலம் மொட்டைக் கம்பியின் பக்கம் இறங்கியிருக்கும்.

மூன்றாவது இப்போது எல்லாக் கடையிலும் நிற்கும் வரிக் கம்பி. எஸ்.எல்.எஸ். 375 முத்திரையோடு வருவது. (இதையும் பலர் பழக்கத்தில் டோர் என்றுதான் கேட்கிறார்கள்.) ஆலையில் ஏறத்தாழ 1000 பாகையில் உருட்டி வரும் கம்பியை வேகமான தண்ணீருக்குள் ஓட விடுகிறார்கள். மேல்தோல் நொடியில் குளிர்ந்து கடினமாகிவிடும். நடுப்பகுதி இன்னும் தணலாக இருக்கும். வெளியே வந்ததும் நடுச் சூடு தோலுக்குப் பரவி, அந்தக் கடினத்தைச் சற்றுத் தணித்துப் பதப்படுத்தும். வெளியே கடினமான வளையம், உள்ளே மிருதுவான தண்டு. இந்தக் கம்பி 600 பாகைக்கு மேல் நின்று வெந்தால் வெளி வளையத்தின் பதம் இறங்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து நட்டம் கூடும். தண்ணீரில் வந்த பலம், ஆலை இல்லாமல் திரும்பி வராது.

பதத்தைச் சூடு கெடுக்கும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய செய்தி அல்ல. சமனலவெவப் பக்கத்து மலைச்சரிவுகளில், கச்சான் காற்றின் விசையால் ஊதப்பட்ட உலைகளில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே நல்ல உருக்கு எடுத்திருக்கிறார்கள். ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1994இல் அப்படி ஓர் உலையைக் கட்டிக் காற்றில் எரித்துக் காட்டினார். 1996இல் அது 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது. பக்தாதின் அல்-கிந்தி 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கையும் வகைப்படுத்தியிருக்கிறார். இந்தியாவிலும் இங்கும் செய்த, காபன் கூடிய இத்தகைய உருக்கு டமஸ்கஸ் வாள்களுக்குப் பேர் பெற்றது. அதை வாங்கிப் பார்த்த ஐரோப்பியக் கொல்லர் பலர் தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் அடித்தார்கள்; வாளாக வராமல் நொறுங்கிப் போயிற்று. மங்கிய சிவப்பில், பொறுமையாக அடிக்க வேண்டிய உருக்கு அது. இலண்டனில் மைக்கல் பரடே கூட 1819 அளவில் இதன் இரகசியத்தைத் தேடிச் சோதனைகள் செய்தார். அரபு வியாபாரிகள் எந்தச் சரக்குக்கு எந்த ஊர் உருக்கு என்று பார்த்து வாங்கியிருக்கிறார்கள். நாம் இன்று கம்பியின் தடிப்பை மட்டும் பார்க்கிறோம்.

எரிந்த கடையைப் பார்த்து வாசிக்கும் விதம்

சில காலத்துக்கு முன் ஓர் இளைஞர் சிறிய லொறி ஒன்றில் எரிந்த கடையொன்றின் கம்பியோடு வந்தார். பன்னிரண்டு மில்லிமீற்றர், நிமிர்த்தி அழகாகக் கட்டியிருந்தது.

"நானா, நல்ல கம்பி. நெருப்புல கொஞ்சம் கறுத்திருக்கு, அவ்வளவுதான். தேச்சா புதுசு மாதிரி வரும்" என்றார்.

"கறுப்பு தேச்சாப் போகும் தம்பி. உள்ளுக்குப் போன சூட்ட எதால தேக்கிற?"

"சீமெந்துக்குள்ளதானே நானா போகப் போகுது? யாரு பாக்கப் போறா?"

நான் அதைப் பழைய இரும்பு விலைக்குத்தான் எடுப்பேன் என்றேன். அவர் விருப்பமில்லாமல் போய்விட்டார். எங்கே விற்றார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதலாம். அலுமினியக் கதவுச் சட்டம் உருகி வழிந்திருந்ததா? வழிந்திருந்தால் அந்த இடம் 600 பாகையைத் தாண்டியிருக்கிறது. போத்தல்கள் இளகி உருக்குலைந்திருந்தனவா? அப்படியானால் 700 பாகை அளவில் போயிருக்கும். மின்சாரச் செம்புக் கம்பி உருண்டை உருண்டையாக உருகியிருந்ததா? அது 1085 பாகை. அந்த இடத்துக் கம்பியைக் கட்டட வேலைக்கு நினைத்தும் பார்க்கக்கூடாது.

கொங்கிறீற்றும் பேசும். பல வகைக் கல்லில் 300 பாகையைத் தாண்டினால் இளஞ்சிவப்பு நிறம் ஏறும். 600க்கு மேல் வெளிறிய சாம்பலாகி உதிரத் தொடங்கும். கம்பியைச் சுற்றிக் கொங்கிறீற்று உடையாமல் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் நின்றிருந்தால் அது போர்வையாக இருந்து கம்பியைக் காப்பாற்றியிருக்கலாம். மேல்பூச்சு வெடித்துக் கம்பி வெளியே தெரிந்திருந்தால் அது நேராகத் தீயில் குளித்த கம்பி. இதையெல்லாம் கட்டடம் நிற்கும்போதுதான் பார்க்க முடியும். வெட்டிக் கட்டி லொறியில் வந்த பிறகு எல்லாக் கம்பியும் ஒரே மாதிரித்தான்.

நட்டக் கணக்கு எளிது. 12 மில்லிமீற்றர் கம்பியின் வெட்டுமுகம் 113 சதுர மில்லிமீற்றர். இப்போதைய வரிக் கம்பி சதுர மில்லிமீற்றருக்கு 500 நியூட்டன் தாங்கும் தரம் என்றால் ஒரு கம்பி ஐந்தரைத் தொன்னுக்கு மேல் இழுவையைத் தாங்கிய பிறகே நிரந்தரமாக நீளத் தொடங்கும். அதே தடிப்பில் 250 தரமென்றால் மூன்று தொன்னுக்கும் குறைவு. வரைபடத்தில் என்ஜினியர் நான்கு கம்பி போட்டிருப்பார். பாஸ் எண்ணி நான்கு கம்பி கட்டுவார். உண்மையில் உள்ளே இருப்பது இரண்டு கம்பியின் வேலை செய்யும் நான்கு கம்பி. தளத்தில் ஆட்கள் கூடும் வரை அது தெரியப் போவதில்லை.

நிமிர்த்திய கம்பிக்கு வேறொரு குறையும் உண்டு. மடித்த இடத்தில் இரும்பு ஏற்கனவே ஒருமுறை இறுகிவிட்டது; திரும்ப நிமிர்த்தும்போது இரண்டாம் முறை. முறுக்கிய கம்பிக்கு மூன்றாம் முறை என்று சொல்ல வேண்டும். அந்த இடம் இனி நீண்டு கொடுக்காது, வெடிக்கும். சில பாஸ்மார் நிமிர்த்துவதற்கு லேசாக இருக்கட்டும் என்று காஸ் தீயால் சூடாக்குகிறார்கள். தீக்குத் தப்பி வந்த கம்பியையும் அதோடு கெடுத்துவிடுகிறார்கள்.

மெதுவாக வரும் பாரமும் திடீரென வரும் பாரமும்

இனி வேகத்துக்கு வருவோம். சூட்டை விட இது கண்ணுக்குத் தெரியாத விடயம்.

ஒரு தொன் என்ஜினைச் சங்கிலியில் மெல்ல மெல்ல ஏற்றினால் சங்கிலிக்கு ஒரு தொன் பாரம். அதே என்ஜினைச் சங்கிலி தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் சட்டென்று விட்டால், ஓர் அங்குலம் கூட விழாவிட்டாலும், அந்தக் கணத்தில் சங்கிலி தாங்குவது இரண்டு தொன். இனிச் சங்கிலி தொய்ந்திருந்து, என்ஜின் ஓர் அங்குலம் விழுந்து நின்றால்? ஒரு தொன்னுக்கு இரண்டு மில்லிமீற்றர் நீளும் சங்கிலி என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் ஆறு தொன் வருகிறது. தூக்கும் சங்கிலிகள் வழக்கமாக எழுதிய பாரத்தைப் போல் நான்கு மடங்கில் அறும்படி செய்யப்படுகின்றன. ஒரு தொன் என்று எழுதியிருந்தால் நான்கு தொன்னில் அறும். ஆறு என்ன செய்யும்? நைலோன் கயிறு நீண்டு கொடுப்பதால் இந்த உதறலைக் குடித்துவிடும், சங்கிலி குடிக்காது. வள்ளத்தை அலையில் நங்கூரம் போடுபவர்கள் சங்கிலிக்கும் வள்ளத்துக்கும் இடையில் ஒரு நீளம் கயிறு கட்டுவதன் பயன் இதுதான்.

பாரம் கூடுவது ஒரு பக்கம். உருக்கே வேகத்தில் வேறு மாதிரி நடந்துகொள்வது மறுபக்கம். மெதுவாக இழுத்தால் இரும்பு முதலில் நீளும், மெலியும், பிறகுதான் அறும். நீளும்போது எமக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. வேகமாக அடித்தால் சாதாரண உருக்கு எளிதில் வளைந்து கொடுக்க மறுக்கிறது; அளந்து பார்த்தால் அதன் பலம் கூடியது போலவே தெரியும். அந்தப் பலத்தை நம்ப முடியாது. ஓரத்தில் ஒரு வெட்டோ, துருக் குழியோ, வெல்டிங் முடிந்த இடமோ இருந்தால், நீளச் சந்தர்ப்பமில்லாமல் அதிலிருந்து வெடிப்பு ஓடிவிடும். உருக்கில் இப்படி ஓடும் வெடிப்பு நொடிக்கு ஒரு கிலோமீற்றர் அளவு வேகத்திலும் போகும். கையை எடுக்க நேரம் இருக்காது.

குளிரும் இதே வேலையைச் செய்கிறது. 1943 ஜனவரி 16இல் அமெரிக்காவின் போர்ட்லன்டில், துறையில் அசையாமல் கட்டியிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற புதிய எண்ணெய்க் கப்பல் ஒரு குளிர் இரவில் பெரும் சத்தத்தோடு ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. அலையும் இல்லை, குண்டும் இல்லை. உருக்கின் தரமும் வெல்டிங்கும் குளிரும் சேர்ந்த விளைவு. அதற்குப் பிறகுதான் கப்பல் தகடுகளுக்கு அடித்துப் பார்க்கும் சோதனை கட்டாயமாகத் தொடங்கியது. பிரான்சில் ஜோர்ஜ் சார்ப்பி 1901இல் செம்மைப்படுத்திய முறை அது: விரல் தடிப்பான உருக்குத் துண்டில் ஒரு வெட்டுப் போட்டு, ஊசலாடும் சம்மட்டியால் ஒரே அடி. உடைத்துவிட்டுச் சம்மட்டி எவ்வளவு உயரம் எழும்புகிறதோ அதைக் கொண்டு துண்டு எவ்வளவு அடியைக் குடித்தது என்று கணிப்பார்கள். எமக்கு அந்தக் குளிர் இல்லையே என்று கேட்கலாம். அடியின் வேகம் கூடக்கூட, வெடித்து உடையும் நிலைக்கு உருக்கு சூடான காலநிலையிலும் வந்துவிடுகிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

வேகம் இன்னும் கூடினால் சூடும் வேகமும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு கட்டுக்கம்பியை எடுத்து ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் வேகமாக வளைத்துப் பாருங்கள். அறுவதற்கு முன் விரலைச் சுடும். உருமாறும் உலோகம் சூட்டை உண்டாக்குகிறது. மெதுவாக வளைத்தால் அந்தச் சூடு பரவிப் போய்விடும். எறிகணை மோதும் வேகத்தில் பரவ நேரமில்லை. ஒரு மெல்லிய கீற்றில் மட்டும் சூடு தேங்கி, அந்தக் கீற்று இளகி, அதன் வழியே தகடு வழுக்கி வெட்டுப்படும். சூட்டை மெதுவாகக் கடத்தும் டைட்டேனியம் கலப்புகளில் இது இன்னும் இலகுவாக நடக்கும். மிகக் கடினமான கவசத் தகடு கூட அப்பம் வெட்டியது போல் வட்டமாக அறுந்து விழுவதன் காரணங்களில் இது ஒன்று. யுத்த காலத்தில் துளைபட்ட தகடுகளைப் பழைய இரும்பில் எடுத்தவர்கள் அந்த வட்டத் துளையைக் கண்டிருப்பார்கள்.

பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். எமது பகுதிப் பட்டறை ஒன்றில் (பெயர் வேண்டாம்) உழவு இயந்திர என்ஜின் ஒன்றைத் தூக்கியபோது கொழுக்கி அறுந்தது. கீழே இருந்தவர் ஒரு சாமானை எடுக்க அந்தப் பக்கம் போயிருந்தார், அல்ஹம்துலில்லாஹ். கொழுக்கியைப் பிறகு கையில் வாங்கிப் பார்த்தேன். முன்பு ஒருமுறை வாய் விரிந்ததால் சூடாக்கி மடக்கி, பக்கத்தில் ஒரு துண்டு வெல்டிங்கும் போட்டிருந்தார்கள். வெல்டிங் சரியாக நின்றது. அதற்கு அருகே அரை அங்குலம் தள்ளி, கண்ணாடி உடைந்தது போல் மினுங்கும் முகத்தோடு உடைந்திருந்தது.

மணல் ஏற்றும் டிப்பர்காரர்களுக்கு இது தெரிந்த கதை. வில்லுத் தகட்டை வெல்டிங் செய்தால் வெல்டிங்கில் உடையாது, பக்கத்தில் உடையும். காரணம் இதுவரை சொன்னதுதான். வெல்டிங் நடக்கும் இடம் உருகும் சூடு. அதை ஒட்டிய வளையம் தணலாகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் நொடியில் ஆறிக் கண்ணாடி போலாகும். அதற்கடுத்த வளையம் பதமிறங்கி மெதுவாகும். வில்லுத் தகடும் தூக்கும் கொழுக்கியும் பதமேற்றிய உருக்கு. கொல்லன் அதே வில்லுத் தகட்டில் கத்தி அடித்தால், அடித்து முடித்துத் திரும்பப் பதம் ஏற்றித்தான் தருவார். வெல்டிங்காரர் அதைச் செய்வதில்லை. குழியில் லொறி விழும் உதறல் மிகுதி வேலையை முடித்துவிடும்.

எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

தூக்கும் சங்கிலியில் 8 அல்லது 80 என்று வளையத்தில் அடித்திருந்தால் அது பதமேற்றிய கலப்பு உருக்கு. 200 பாகைக்கு மேல் சூடுபடும் இடத்தில் அதன் பாரத்தைக் குறைத்துத்தான் பாவிக்க வேண்டும். 400ஐத் தாண்டிய சங்கிலியைத் தூக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். போல்ட் தலையில் 8.8 என்றிருந்தால் முதல் எட்டு, சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டனில் அறும் என்பது. அடுத்த எட்டு, அதில் எண்பது வீதத்தில் நீளத் தொடங்கும் என்பது. 10.9 இன்னும் பலம். ஆனால் இவையெல்லாம் 425 பாகைக்குக் குறையாத சூட்டில் பதம் தணித்தவை. அந்தச் சூட்டுக்கு மேல் தீயில் கிடந்தால் தலையில் எண் இருக்கும், போல்ட்டில் அந்தப் பலம் இருக்காது. இறுகிய நட்டைக் காஸ் தீயில் சிவக்க வைத்துக் கழற்றும் வழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. கழற்றுங்கள், குற்றமில்லை. அந்த போல்ட்டைத் திரும்பப் பூட்டாதீர்கள்.

புதுக் கம்பி வாங்குபவர் தராசையும் நம்பலாம். 12 மில்லிமீற்றர், 20 அடிக் கம்பி ஏறத்தாழ 5.3 கிலோ நிற்க வேண்டும். பத்துக் கம்பியை ஒன்றாக நிறுத்தால் தடிப்பில் ஏமாற்று இருந்தால் தெரிந்துவிடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கம்பி லொறி நேராக எமது பக்கம் வருகிறது. ஆகவே தோணிக்காகக் காத்திருந்து கிடைத்ததை வாங்கிய காலத்துச் சாட்டு இனி இல்லை.

சூட்டுக்கென்றே செய்த கலப்புலோகங்களும் உண்டு. லொறியின் டர்போவில் புகை வரும் பக்கத்துச் சக்கரம் 700 பாகை அளவுப் புகைக்குள் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. சாதாரண உருக்கு அங்கே சில நிமிடமும் நிற்காது. அது நிக்கலை அடிப்படையாகக் கொண்டு குரோமியமும் மொலிப்டினமும் சேர்த்த உலோகம். விலை காரணமாகத்தான் எல்லாவற்றையும் அதில் செய்வதில்லை. பழைய இரும்பு எடுப்பவர்கள் பழுதான டர்போவை முழுதாக இரும்புக் குவியலில் எறிவதைக் கண்டிருக்கிறேன். கழற்றிப் பாருங்கள்: காற்றுப் பக்கச் சக்கரம் அலுமினியம், புகைப் பக்கச் சக்கரம் கையில் பாரமாக இருக்கும், பெரும்பாலும் காந்தம் பிடிக்காது. அதற்கு இரும்பு விலையை விடப் பல மடங்கு விலை கேட்கலாம்.

எரிந்த கம்பியைப் பழைய இரும்பாக விற்பதில் எந்தக் குறையும் இல்லை. உலையில் போட்டு முழுதாக உருக்கினால் பழைய தீயின் பாதிப்பு அழிந்து, புதுக் கம்பியாகவே வெளியே வரும். எமது கடையில் அதற்குப் பின்பக்கம் தனிக் குவியல் இருக்கிறது; யாராவது பந்தல் கால் கட்டவோ கொடி படரவிடவோ கேட்டால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். தலையில் எண் இல்லாத போல்ட்டுகளும் அந்தப் பக்கத்துத் தகரப் பெட்டியில்தான் கிடக்கின்றன.